பலப்பிரயோகப் பயிற்சியும் ஆய்வு முடிவுகளும்: காவல்துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு காவல்துறையின் பயிற்சிப் பிரிவு உயர் அலுவலர்களுக்கும் ராமநாதபுரம் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அவர்களுக்கும் வணக்கம்.

காவலர்கள் தடியையோ துப்பாக்கியையோ எப்போது, எப்படிப் பயன்படுத்தலாம் என்று கற்பிக்கும் பலப்பிரயோகப் பயிற்சியில் அறிவியல் ஆய்வுகளுக்கு இடம் தர வேண்டும் என்று விரும்பும் நான், ஓர் ஆய்வு எங்கே, யாரைக் கொண்டு, எந்தச் சூழலில் நடந்தது என்று விசாரிக்காமல் அதைப் பாடமாக்கக் கூடாது என வேண்டிக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன்.

அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டி காவல் பயிற்றுநர் டென்னிஸ் டியூலர், கத்தியோடு ஓடிவருபவர் சுமார் ஒன்றரை நொடியில் 21 அடியைக் கடந்துவிடுவார், உறையிலிருந்து துப்பாக்கியை எடுத்துச் சுடவும் அவ்வளவு நேரம் ஆகும் என்று 1983-இல் எழுதினார். அது விழிப்போடு இருக்கச் சொன்ன பயிற்சிக் குறிப்பு, முறையான ஆய்வன்று. ஆயினும் நாளடைவில் அது '21 அடி விதி' என்று பெயர் பெற்று, அத்தொலைவுக்குள் வந்தவரைச் சுட்டது சரியே என்று வாதாடவும் பயன்பட்டது.

முறையாக நடந்த ஆய்வையும் ஒன்றோடு நிறுத்திக்கொள்ள முடியாது. கலிபோர்னியாவின் ரியால்டோ என்ற சிறு நகரில் 2012-இல் தொடங்கிய சோதனையில், காவலர் உடலில் கேமரா அணிந்தபோது பலப்பிரயோகம் பெரிதும் குறைந்தது. வாஷிங்டன் நகரில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட காவலர்களைக் கொண்டு நடத்தி 2017-இல் வெளியிட்ட சோதனையில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் தெரியவில்லை. முதல் முடிவை மட்டும் படித்த பயிற்றுநர் கேமராவையே தீர்வென்று நம்பியிருப்பார்.

எங்கள் கரையின் நிலைமையோ முற்றிலும் வேறு. இலங்கைக் கடற்படை மீனவர்களைச் சிறைபிடிக்கும்போது தங்கச்சிமடத்திலும் ராமேசுவரத்திலும் பெண்களும் குழந்தைகளுமாகச் சாலையில் அமர்கிறார்கள். அங்கே காவலர் கையில் இருப்பது லத்தி, எதிரில் இருப்பது கூட்டம். தனியொருவர் கத்தியோடு பாய்வதை அளந்த எண் இங்கே எதற்கு உதவும்? போர்ச்சுகலில் 2004 ஐரோப்பியக் கால்பந்துப் போட்டியின்போது கூட்டத்தோடு இணக்கமாகப் பேசிப் பழகிய காவல்முறையை ஆராய்ந்த சமூக உளவியலாளர் கிளிஃபோர்ட் ஸ்டாட் முதலியோரின் பணி நமக்குச் சற்று நெருங்கி வருகிறது. எனினும் பந்தாட்ட ரசிகரும் கணவனைச் சிறையில் பறிகொடுத்து நிற்கும் பெண்ணும் ஒன்றல்லர் என்பதால், அதையும் இங்கே சோதித்த பின்னரே ஏற்க வேண்டும்.

பரமக்குடியில் 2011-இல் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் உயிர்களை இழந்த மாவட்டம் இது. ஆகவே பாடத்தில் வரும் ஒவ்வோர் ஆய்வுக் கூற்றோடும் அதன் மூலத்தையும் வரம்பையும், அதற்கு மாறான முடிவுகளையும் காவலர்களுக்குச் சொல்லுங்கள். தடியடி, துப்பாக்கிச் சூடு பற்றிய இம்மாவட்டப் பதிவுகளைப் பெயர்களை நீக்கிப் பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்குத் திறந்து கொடுங்கள். அவர்கள் காண்பது துறைக்கு உவப்பாக இல்லாவிட்டாலும் முழுமையாக வெளியிட அனுமதியுங்கள்.

இப்படிக்கு,
மண்டபம் கரையில் வாழும் ஓர் அறிவியல் ஆசிரியர்