ஹெ சிமுவின் முகத்தை இழைத்துவிடாதீர்கள்

'பாய் ரி தி தெங்' என்ற சீனத் தொடரின் எடிட்டிங், டிஐ (நிறச் சீரமைப்பு), டப்பிங், பின்னணி இசைப் பிரிவினருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

உங்கள் தொடரின் பெயரைத் தமிழில் 'பகலில் விளக்கேந்தி' என்று சொல்லலாம். பேயரசி ஹெ சிமுவாக தில்ராபா தில்முராத், இளந்தளபதி துவான் ஷூவாக சென் ஃபெய்யூ. நடிகர் பட்டியல் வெளியானதிலிருந்து ரசிகர்களிடையே ஒரு சண்டை ஓடிக்கொண்டிருக்கிறது. தில்ராபாவைப் 'பூச்சாடி' என்கிறது ஒரு தரப்பு. பார்க்க அழகு, உள்ளே காலி என்பதற்குச் சீனத்தில் புழங்கும் சொல் அது. நாங்கள் எதிர்த்தரப்பு. இந்த வேடத்துக்கு இவர்தான் சரி என்று சொல்ல எங்களிடம் காரணங்கள் உண்டு. ஆனால் அந்தப் பொருத்தத்தைக் கெடுக்கக்கூடியவர்கள் நடிகையோ இயக்குநரோ அல்ல, நீங்கள்தான். அதனால்தான் மடல் உங்களுக்கு வருகிறது.

முதலில் வேடம். சிமு சுமார் 400 ஆண்டுகளாகப் பேய். சுவை, நிறம், தொடுவுணர்வு, மணம், இசை எதுவும் அவளுக்கு எட்டாது. உப்பும் சர்க்கரையும் அவள் நாக்குக்கு ஒன்று. ரத்தமும் மையும் ஒரே சாம்பல். பேச்சு காதில் விழும், ராகம் விழாது. துவான் ஷூ உயிருள்ள மனிதன். ஓர் உடன்படிக்கையின் பேரில் தன் புலன்களை ஒவ்வொன்றாக அவளுக்குக் கடன் கொடுக்கிறான். அவள் அனுபவிக்கும் நேரத்தில் அவனுக்கு அது இல்லை. காதல், போர், பேயுலக அரசியல் எல்லாம் இருக்கட்டும். கதையின் முதுகெலும்பு இந்தக் கொடுக்கல் வாங்கல்தான்.

ஆக, சிமுவாக நடிப்பவருக்கு இரண்டு உடம்பு வேண்டும். ஒன்று எதையும் உணராத உடம்பு. மற்றொன்று, உணர்வது எப்படி என்றே மறந்துபோய் புதிதாகக் கற்கிற உடம்பு. முதலாவதுதான் கடினம். புலன் இல்லை என்றதும் பல நடிகர்கள் சோகமாக முகத்தை வைத்துக்கொள்கிறார்கள். அது பிழை, நானூறு ஆண்டாக இல்லாத ஒன்றுக்காக யாரும் நிமிடத்துக்கு நிமிடம் ஏங்கமாட்டார்கள். விரல் மரத்துப்போனவர்களைக் கவனித்தால் இரண்டு விஷயம் தெரியும். பொருளைத் தேவைக்கு மேல் இறுக்கிப் பிடிப்பார்கள். பிடித்த கையைக் கண்ணால் பார்த்துக்கொண்டே இருப்பார்கள், ஏனென்றால் பிடி நழுவுகிறதா என்பதை இனிக் கண்தான் சொல்ல வேண்டும். சிமு ஒரு கோப்பையை எடுக்கிறாள் என்றால் பார்வை முதலில் போகும், கை பிறகு போகும். கொதிக்கும் தேநீரை ஊதமாட்டாள். காற்றில் முடி கன்னத்தில் விழுந்தால் ஒதுக்கமாட்டாள். மழையில் தோளைக் குறுக்கமாட்டாள்.

இதெல்லாம் செய்வது அல்ல, செய்யாமலிருப்பது. உடம்பு தானாகச் செய்வதைத் தடுத்து நிறுத்தும் பழக்கம் நடனம் படித்தவர்களிடம்தான் ஊறியிருக்கும். உரும்சியில் 1992இல் பிறந்த தில்ராபா சிறு வயதிலேயே நடனப் பயிற்சிக்குப் போனவர். ஷாங்காய் நாடக அகாடமியில் நடிப்புப் படித்தது அதற்குப் பிறகு. கயிற்றில் தொங்கிப் பறக்கும் ரோப் ஷாட்டில் இது உடனே தெரியும். கொக்கி இடுப்பின் இருபுறமும் மாட்டியிருக்கும், உடம்பின் எடை முழுக்க அந்த இரண்டு புள்ளியில் தொங்கும். வயிற்றுத் தசையைப் பிடித்து நிறுத்தத் தெரியாதவருக்குக் கால்கள் தவளைபோல மடங்கிவிடும், தோள்கள் காதுக்கு ஏறிவிடும். அதை மறைக்கத்தான் வேகத்தைக் கூட்டிக் குறைப்பது, டூப்பின் முதுகைக் காட்டுவது, துணி பறக்கும் க்ளோசப் என்று நீங்கள் ஓட்டுகிறீர்கள். இவருக்கு அந்த ஒட்டுவேலை தேவையில்லை. பறந்து இறங்கும் இடங்களில் தலை முதல் கால் வரை தெரியும் அகன்ற ஷாட்டை வைத்து, பாதம் தரையில் பட்ட பிறகும் ஒரு நொடி வெட்டாமல் விடுங்கள்.

இரண்டாவது காரணம், பார்வையாளரின் நினைவு. 2017இல் ஒரு தொடரில் தில்ராபா பாய் ஃபெங்ஜியு என்ற நரிப்பெண்ணாக வந்தார். 2020இல் இன்னொரு தொடரில் அதே பாத்திரம் நாயகியானது. ஃபெங்ஜியு எதற்கும் முகத்தில் பதில் சொல்லுவாள். பயந்தால் கண் விரியும், பொய் சொன்னால் உதடு சுழிக்கும். சமையலில் கெட்டிக்காரி வேறு. சமைத்து மனம் கவர்ந்த அதே முகம், இப்போது வாயில் போட்ட எதற்கும் சுவை தெரியாமல் உட்கார்ந்திருக்கப்போகிறது. இந்த வரலாறு இல்லாத ஒருவர் அசையாமல் இருந்தால் 'நடிக்க வரவில்லை' என்பார்கள். இவர் அசையாமல் இருந்தால் எது பறிபோயிருக்கிறது என்று பார்வையாளருக்கே தெரியும்.

குறையையும் சொல்லிவிடுகிறோம். கண்ணை அகல விரிப்பது இவருக்குக் கைவந்த உத்தி, சில தொடர்களில் அதுவே அளவுக்கு மீறிப் போயிருக்கிறது. 2021இல் லி சாங்கே வேடத்தில், ஆண் உடையில் இறுகிய முகத்தோடு வந்தபோது அதைப் பெரும்பாலும் அடக்கிக் காட்டினார். ஒரே காட்சிக்குப் பல டேக் இருந்தால், கண் குறைவாக விரிந்த டேக்கை எடுங்கள்.

இனி உங்கள் மேசைக்கு வருவோம்.

முதல் வில்லன் தோல் ஃபில்டர். உங்கள் ஊரில் இதை 'தோலைத் தேய்ப்பது' என்றே சொல்கிறார்கள். எங்களுக்குத் தச்சரின் இழைப்புளிதான் நினைவுக்கு வருகிறது. மென்பொருள் என்ன செய்கிறது? முகத்தில் மிகப் பெரிய வடிவங்களை அப்படியே விட்டுவிட்டு, இடைப்பட்ட அளவில் உள்ள மேடுபள்ளங்களை மங்கலாக்குகிறது. பரு போகும், சரி. அதோடு கீழ் இமையின் மெல்லிய சுருக்கம், மூக்கோர மடிப்பு, உதட்டு ஓரத்தின் துடிப்பு எல்லாம் போகும், ஏனென்றால் அவையும் அதே அளவில்தான் இருக்கின்றன. நானூறு ஆண்டுக்குப் பிறகு முதல் வாய் உணவைச் சுவைக்கும் பெண்ணின் முகத்தில் நடக்கப்போவது முழுவதும் அந்த மூன்று இடங்களில்தான். போதாததற்கு, கை முகத்தின் குறுக்கே போகும்போது ஃபில்டர் கையையும் சேர்த்து வழித்துவிடும். விரல் ஓரம் தண்ணீரில் ஆடுவதுபோல் ஆடும். தொடுவுணர்வைப் பற்றிய தொடரில் விரலே மெழுகாகத் தெரிந்தால் எப்படி?

ஃபில்டரே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. விக் ஒட்டிய வலை நெற்றியில் தெரிந்தால் அதை மறைத்துத்தான் ஆக வேண்டும். முகம் முழுக்க ஒரே போர்வையாகப் போடாமல் பகுதி பிரித்துப் போடுங்கள். நெற்றிக்கும் முடி ஓரத்துக்கும் வேண்டிய அளவு. கீழ் இமை, மூக்கோரம், வாய், கைகளுக்குக் கிட்டத்தட்ட எதுவும் வேண்டாம். இன்னொரு கணக்கும் இருக்கிறது. சென் ஃபெய்யூ 2000இல் பிறந்தவர், தில்ராபாவைவிட எட்டு வயது இளையவர். பழுத்த பேய்க்கும் பொடிப்பயல் தளபதிக்கும் உள்ள இடைவெளி நடிகர்களின் முகத்திலேயே இயல்பாக இருக்கிறது. இரண்டு பேரையும் ஒரே இருபது வயதுப் பளபளப்புக்கு இழைத்துவிட்டால், அவள் அவனைச் சின்னப்பிள்ளையாக நடத்துவது வெறும் வசனமாகிவிடும்.

டிஐயில் கலரிஸ்ட்டுக்கு ஒரு வேண்டுகோள். சாம்பல் உலகத்தை அவள் கண்வழிக் காட்சிகளுக்கு மட்டும் வையுங்கள். அவள் வருகிற ஃபிரேமெல்லாம் வெளிறினால் அது ஸ்டைல் ஆகிவிடும், குறை ஆகாது. நிறத்தை எடுத்துவிட்டால் சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பலாகிற இடங்கள் கிடைக்கும். அவற்றைத் திருத்தாமல் தேடிப்பிடித்து வையுங்கள். எது ரத்தம், எது இலை என்று பார்ப்பவரும் ஒரு கணம் திணறட்டும். நிறம் திரும்பும் காட்சியில், மாயப்பொடி தூவியதுபோல் திரை முழுக்க வண்ணம் பரவும் அந்தத் தேய்ந்த வித்தை வேண்டாம். முதலில் அவள் முகம். அவள் எதைப் பார்த்தாள் என்பது அடுத்த ஷாட்டில்.

பின்னணி இசைக்காரர்களுக்கு இந்தத் தொடர் ஒரு கொடை. ராகம் கேட்காத நாயகி! அவள் தனியாக இருக்கும் காட்சிகளில் இசையே இல்லாமல் விடலாம். துணி உரசல், காலடி, தூரத்துப் பேச்சு மட்டும் போதும். ராகம் கேட்கும் திறனை அவன் கடன் கொடுக்கும் வரை பார்வையாளரையும் பட்டினி போடுங்கள். உருக்கமான காட்சி வந்ததும் தொடரின் பாட்டை ஏற்றிவிடுவது இந்த வகைத் தொடர்களின் தீராத வியாதி. மற்ற கதைகளில் அது சலிப்பு, இந்தக் கதையில் அது பொய்.

டப்பிங். ஏன் டப்பிங் செய்கிறீர்கள் என்பது தெரிந்ததே. காற்று வீசும் விசிறியின் இரைச்சல், ரோப் இழுப்பவர்களின் கூச்சல், ஹெங்தியன் போன்ற படப்பிடிப்பு நகரங்களில் பக்கத்துச் செட்டில் இன்னொரு படப்பிடிப்பு. நேரடி ஒலி தேறாது. குரல் கலைஞர்கள்மீதும் எங்களுக்குக் குறை இல்லை. 2011இல் வந்த ஜென் ஹுவான் தொடரில் நடிகை சுன் லியின் முகமும் டப்பிங் கலைஞர் ஜி குவான்லினின் குரலும் பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொண்டன. ஆனால் இந்த வேடத்தில் குரலைவிட மூச்சு முக்கியம். புலனற்ற சிமு பேசுமுன் மூச்சை இழுக்கமாட்டாள். அந்த ஒலியை டிராக்கில் துடைத்தெடுத்துவிடுங்கள். தொடுவுணர்வு வந்ததும் மூச்சு வரட்டும்: குளிர்நீரில் கை பட்டால் திடுக்கிடும் மூச்சு, பேச்சை நடுவில் முறிக்கும் மூச்சு. உடம்பு ஒருவருடையது, மூச்சு இன்னொருவருடையது என்றால் இது கைகூடாது. தில்ராபாவையே டப்பிங் அறைக்குள் உட்கார வையுங்கள். உச்சரிப்பில் சிறு பிசிறு வந்தால் வரட்டும்.

எடிட்டர்களே, ஒரு தொடர் 40 எபிசோடுகளுக்கு மேல் போகக் கூடாது என்று உங்கள் ஒழுங்குமுறை அமைப்பு 2020இல் சொன்னது, 2025இல் அந்த வரம்பைத் தளர்த்தியது. வரம்பு இருந்தவரை நல்லதுதான், 60 எபிசோடு இழுவையிலிருந்து தப்பித்தோம். ஆனால் நீளத்தைக் குறைக்க உட்காரும்போது முதலில் பலியாவது வசனமில்லாத ஷாட்கள். பார்வை கோப்பைக்குப் போய்ப் பிறகு கை போவதை ஒரே ஷாட்டில் காட்ட மூன்று நொடி ஆகும். முகம் ஒரு துண்டு, கை ஒரு துண்டு என்று வெட்டினால் இரண்டு நொடியில் முடியும். அவளுக்குத் தொடுவுணர்வு இல்லை என்ற செய்தியும் அத்தோடு முடிந்துவிடும். குறைக்கத்தான் வேண்டும் என்றால் பேயுலக அரசவையில் ஆளாளுக்கு நின்று பேசுவதைக் குறையுங்கள்.

சென் ஃபெய்யூவுக்கும் இதில் பங்கு உண்டு. புலனைக் கடன் கொடுத்திருக்கும் நேரத்தில், அதுவரை சிமு செய்த அதே இறுக்கிப்பிடித்தலை, அதே பார்த்துப்பார்த்து எடுத்தலை அவர் செய்ய வேண்டும். செய்திருக்கிறாரா என்று எடுத்த ஷாட்களில் தேடுங்கள். இருந்தால் சிமுவை எடுத்த அதே கோணத்தில், அதே நீளத்தில் வையுங்கள். யாரும் விளக்கவே வேண்டியிருக்காது.

கடைசியாக, அவள் முதன்முதலில் சுவை அறியும் காட்சி. அந்த ஒரு காட்சிக்காவது ஃபில்டரை முழுவதுமாக அணைத்து, பாட்டை நிறுத்தி, மெல்லும் ஒலியை மட்டும் விட்டு, அவள் விழுங்கும் வரை வெட்டாமல் வையுங்கள்.

இப்படிக்கு,
சீனத் தொடர்களைப் பார்க்கும் தமிழ் ரசிகர்கள்