அந்தப் பிள்ளையிடம் 'எதைப் படம் எடுத்தாய்?' என்று யாரும் கேட்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

செங்கோட்டையில் முப்பது வருஷத்துக்கு மேலாக ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். உங்கள் பேப்பரில் வரும் வாசகர் படங்கள் பகுதியை ஒரு வாரம்கூட விடாமல் பார்க்கிறவன். ஆகஸ்டு 19 உலகப் புகைப்பட தினத்தையொட்டி எங்கள் பக்கத்தில் மாணவர்களுக்குப் போட்டோ போட்டி ஒன்று வைத்தார்கள். அங்கே நடந்ததைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து மனசு ஆறவில்லை. அதனால்தான் எழுதுகிறேன், கடைசியில் உங்களிடம் ஒரு கோரிக்கையும் இருக்கிறது.

எங்கள் தெருவில் பிளஸ் ஒன் படிக்கிற பிள்ளை ஒருத்தி படம் கொடுத்திருந்தாள். கேரளத்தில் ஆரியங்காவு தாண்டிக் கழுதுருட்டிப் பக்கம் இருக்கிற பதின்மூன்று கண் பாலம், மேலே ரயில் போகிறது, செல்போனில் எடுத்தது. நடுவராக வந்தவர் ஒவ்வொரு படத்தையும் எல்லார் முன்னாலும் திரையில் போட்டுக் கருத்துச் சொன்னார். இவள் படம் வந்ததும், "பாலம் சாஞ்சிருக்கு, ரூல் ஆஃப் தேர்ட்ஸ் இல்ல, ஆயிரம் பேர் எடுத்த படம், அடுத்தது" என்றார். ரூல் ஆஃப் தேர்ட்ஸ் என்றால், படத்தை நெடுக்கிலும் குறுக்கிலும் மூன்று மூன்றாகப் பிரித்து, முக்கியமானதை அந்தக் கோடுகளை ஒட்டி வைக்கச் சொல்கிற யோசனை. அவர் பேசி முடிக்கப் பத்து விநாடிகூட ஆகியிருக்காது. அதற்கப்புறம் அவள் நிமிரவே இல்லை.

அவர் சொன்னதில் பொய் இல்லை. பாலம் கொஞ்சம் சாய்ந்துதான் இருந்தது. ஆனால் அதைக் கேட்டுவிட்டு அந்தப் பிள்ளை அடுத்த முறை என்ன செய்வாள்? அதுதான் என் கேள்வி.

மறுநாள் சாயங்காலம் அவளைக் கடைக்குக் கூப்பிட்டு, படத்தை ஆறுக்கு நாலில் பிரிண்ட் போட்டு மேஜையில் வைத்து, "இதுல நீ எதைப் பாத்து எடுத்தே?" என்று கேட்டேன். "தாத்தாவத்தான் மாமா" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால் நானும் அந்தத் தாத்தாவைப் பார்க்கவில்லை. அப்புறம் உற்றுப் பார்த்தால் இடது பக்கம் கீழே, ரோட்டோரத்தில், கைத்தடியை ஊன்றிக்கொண்டு அண்ணாந்து ரயிலைப் பார்த்தபடி ஒருவர் நிற்கிறார். குறுகலான மீட்டர்கேஜ் தண்டவாளம் இருந்த காலத்தில் காய்கறிக் கூடையோடு கொல்லத்துக்கும் புனலூருக்கும் அந்தப் பாதையில் போய்வந்த மனுஷர். 1904-இல் ஓட ஆரம்பித்த பாதை அது. 2010-இல் புனலூர் செங்கோட்டை மீட்டர்கேஜை நிறுத்தினார்கள், அப்புறம் எட்டு வருஷம் காத்துக்கிடந்து 2018-இல்தான் அகலப் பாதையில் திரும்ப ரயில் வந்தது. அந்த ரயிலைப் பாலத்துக்குக் கீழே நின்று தாத்தா பார்ப்பதைத்தான் அவள் எடுத்திருக்கிறாள். ஆயிரம் பேர் எடுத்த படம் என்று சொன்னார்களே, இந்தப் படத்தை வேறு யார் எடுத்திருக்க முடியும்?

சரி, தாத்தா ஏன் எங்கள் கண்ணில் படவில்லை? அவர் தலை கறுத்த கல்தூணுக்கு நேர் முன்னால் வந்துவிட்டது. கறுப்பின் மேல் கறுப்பு, கண் தாண்டிப் போய்விடுகிறது. இவள் இரண்டு எட்டு தள்ளி நின்றிருந்தால் அதே தலை வளைவின் திறப்புக்குள் விழுந்திருக்கும், பின்னால் வெளிச்சமான பச்சை, கைத்தடிவரை தெளிவாகத் தெரிந்திருக்கும். இன்னொன்று, வலது ஓரத்தில் ஒரு வெள்ளைக் கார் பாதி வெட்டுப்பட்டு நிற்கிறது. ஓரத்தில் பளிச்சென்று எது இருந்தாலும் கண் முதலில் அங்கேதான் ஓடும். இந்த இரண்டையும் சொன்னேன், அதோடு நிறுத்திக்கொண்டேன். பாலம் சாய்ந்ததைச் சொல்லவே இல்லை. தாத்தாவை எங்கே வைப்பது என்று யோசிக்க ஆரம்பித்தால் அவளே செல்போனை நேராகப் பிடிப்பாள் என்று தெரியும்.

இது நான் கண்டுபிடித்த வித்தை இல்லை. எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த அண்ணாச்சியிடம் போட்டோ பிரிண்ட் போடுகிற ப்ரோமைடு பேப்பர் வருகிற கறுப்பு அட்டையில் 'ட' மாதிரி வெட்டிய இரண்டு துண்டுகள் இருக்கும், ஓரமெல்லாம் கை பட்டுப் பட்டு வழவழவென்று ஆகியிருக்கும். நாங்கள் எடுத்த படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தால் முதலில் பேசவே மாட்டார். ஒரு நிமிஷம் பார்ப்பார், பிறகு தலைகீழாகத் திருப்பி வைத்துப் பார்ப்பார். முகம், ஆள் என்ற அடையாளம் போய், கனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது மட்டும் தெரியும் என்பார். அப்புறம் அந்த இரண்டு அட்டையையும் படத்தின் மேல் சட்டம் மாதிரி வைத்து, மெல்ல மெல்ல உள்ளே நகர்த்தி, "இப்பம் பாரு, இப்பம் பாரு" என்பார். ஒரு கட்டத்தில் நமக்கே 'ஆ, இதுதான்' என்று தோன்றும். அவர் எந்த இடத்திலும் தப்பு என்று சொல்லியிருக்க மாட்டார், ஆனால் தப்பு எங்கே என்று நமக்குத் தெரிந்திருக்கும். முக்கியமான விஷயம், அட்டையை எடுத்துவிட்டால் படம் அப்படியே இருக்கும். இப்போது பார்க்கிறேன், யாராவது ஆசையாக ஒரு படத்தை அனுப்பினால், கேட்காமல் கொள்ளாமல் வெட்டி, கலரை ஏற்றி, 'இப்படி இருக்கணும்' என்று திருப்பி அனுப்புகிறார்கள். அது உதவியே இல்லை, அடுத்தவர் படத்தைப் பிடுங்கிக்கொள்கிற வேலை.

ரூல் ஆஃப் தேர்ட்ஸ் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எல்லாரும் அதை ஏதோ சட்டம் மாதிரி நீட்டுகிறார்கள். அந்தப் பெயரை எழுத்தில் கொண்டுவந்தவர் ஜான் தாமஸ் ஸ்மித் என்கிற ஆங்கில ஓவியர், 1797-இல், கிராமப்புறக் காட்சிகளைப் பற்றிய ஒரு புத்தகத்தில். அவர் பேசியது வானத்துக்கு எவ்வளவு, நிலத்துக்கு எவ்வளவு என்கிற பங்கு பிரிப்பு. டாகேர் என்கிற பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்த போட்டோ எடுக்கும் முறையை உலகத்துக்கு விவரமாக வெளியிட்டதே 1839 ஆகஸ்டு 19-இல்தான், அதனால்தான் அந்த நாளைக் கொண்டாடுகிறோம். ஆக, கேமரா வருவதற்கு நாற்பது வருஷம் முன்னாலேயே ஓவியத்துக்குச் சொன்ன யோசனை அது. நல்ல யோசனைதான், செல்போனில் கட்டக் கோடுகளைப் போட்டுக்கொண்டு பழகச் சொல்லி நானே பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். ஆனால் ஒரு படத்தைப் பார்த்து 'விதி இல்லை' என்று மட்டும் சொன்னால் எடுத்தவருக்கு ஒன்றும் போய்ச் சேராது. 'தாத்தாவை நடுவில் வைக்காமல் இந்தப் பக்கம் வைத்தால் அவர் பார்வைக்கு முன்னால் ரயிலுக்கு இடம் கிடைக்கும்' என்று சொன்னால் போய்ச் சேரும்.

அதே மாதிரி, வெறும் பாராட்டாலும் பிரயோஜனம் இல்லை. ஜூலை, ஆகஸ்டில் சுந்தரபாண்டியபுரம் பக்கம் சூரியகாந்தி பூத்ததும் கேரளத்திலிருந்து வண்டி வண்டியாக வந்து எடுக்கிறார்கள். கழுத்தில் கேமராவோடு என்னைப் பார்த்தால் சில பையன்கள் படத்தைக் காட்டி "கொள்ளாமோ சேட்டா?" என்று கேட்பார்கள், நல்லா இருக்கா அண்ணா என்று அர்த்தம். 'கொள்ளாம்' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம், நம் ஆட்கள் 'சூப்பர்' என்பதும் அதுவேதான். ஆனால் அந்தப் பையன் நூறு கிலோமீட்டர் வந்திருப்பான். சாயங்காலம் நாலு மணிக்கு வந்து நின்றால் மேற்கே மலைப்பக்கம் வெயில், முற்றிய பூவெல்லாம் கிழக்கே பார்த்து நிற்கும், அதன் முன்னால் ஆளை நிறுத்தினால் முகம் கறுத்துத்தான் போகும். காலை ஏழு மணிக்கு வந்தால் பூ, ஆள், பின்னால் மலை மூன்றின் மேலும் ஒரே பக்கமாக வெயில் விழும். கூடவே மண்டி போட்டு எடுத்தால் பூ இடுப்பளவில் நிற்காமல் ஆளோடு சமமாக வரும். இவ்வளவுதான், அரை நிமிஷம் ஆகும். போன வருஷம் ஒரு பையன் இதைக் கேட்டுவிட்டுத் தென்காசியில் தங்கி, மறுநாள் காலையில் எடுத்துக் கடைக்கே கொண்டுவந்து காட்டினான்.

என் கோரிக்கை இதுதான். வாசகர் படங்களுக்குக் கீழே பெயரும் ஊரும் மட்டும் போடுகிறீர்கள். உங்களிடம் நல்ல போட்டோகிராபர்கள் இருக்கிறார்கள். வாரத்துக்கு ஒரே ஒரு படத்துக்காவது அவர்களை இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். படத்தைப் பார்த்ததும் கண் முதலில் எங்கே போனது, எங்கே தடுக்கியது, எந்தப் பக்கம் இரண்டடி நகர்ந்திருக்கலாம், அவ்வளவு போதும். எடுத்தவரிடம் எதை நினைத்து எடுத்தார் என்று கேட்டுவிட்டு எழுதினால் இன்னும் நல்லது. போட்டி நடத்துகிறவர்களும் பிள்ளைகளின் படத்தைக் கூட்டத்தில் திரையில் போட்டுப் பேசுவதைவிட, ஒவ்வொருவரையும் பக்கத்தில் உட்கார வைத்து ஐந்து நிமிஷம் பேசலாம்.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிள்ளை தாத்தாவைக் கூட்டிக்கொண்டு திரும்பவும் பாலத்துக்குப் போய் வந்தாள். புதிதாக எடுத்த படத்தை அவள் சம்மதத்தோடு இந்தக் கடிதத்துடன் அனுப்பியிருக்கிறேன். போடுவதாக இருந்தால் இடத்துக்காக ஓரத்தை வெட்டிவிடாதீர்கள், கைத்தடியின் நுனி கீழ் விளிம்பை ஒட்டித்தான் நிற்கிறது.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்,
செங்கோட்டை.