அக்காவுக்கு, 7 ஆண்டுகள் தாமதமாக ஒரு சாட்சி

அன்புள்ள அக்காவுக்கு,

இன்றோடு 7 ஆண்டுகள் ஆகின்றன. எதற்கு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இதைத் தனிக் கடிதமாக அனுப்பியிருக்கலாமே என்று நீங்கள் நினைக்கக்கூடும். நானும் அப்படி நினைத்து இரண்டு முறை எழுதிக் கிழித்தேன். 9 பேர் இருந்த அறையில் உங்களைக் கைவிட்டவன், ஒட்டிய உறைக்குள் வைத்து மன்னிப்புக் கேட்பது எனக்கே மலிவாகப் பட்டது. நம் சபையார் சிலரும், அந்த அறையில் இருந்தவர்களில் ஓரிருவரும் இதைப் படிப்பார்கள் என்று அறிவேன். ஆகவே நிறுவனத்தின் பெயரையும் பதிவேட்டில் இருந்த தேதிகளையும் இங்கே எழுதப்போவதில்லை. விசாரணை நடந்துகொண்டிருப்பது அதற்கு ஒரு காரணம். என் பயத்தில் மீதமிருப்பது இன்னொரு காரணம்.

இயந்திரச் சோதனைப் பதிவேடு திறந்தபடி மேசைமேல் இருந்தது. மேலாளர் பேனாவை உங்கள் பக்கம் நகர்த்தினார். நீங்கள் அதை எடுத்து, மூடியைப் போட்டு, அவர் பக்கமே திருப்பி வைத்தீர்கள். நடக்காத சோதனையை நடந்ததாக எழுத உங்களால் இயலாது என்றும், நீங்கள் ஒரு விசுவாசி என்றும் சொன்னீர்கள். யாரோ சிரித்தார்கள். அதுவரை எல்லாம் உங்களுடைய காரியமாகவே இருந்தது. பிறகு என் பக்கம் திரும்பி, "தம்பியும் விசுவாசிதான், அவரையும் கேட்டுப் பாருங்கள்" என்றீர்கள். 8 பேரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு அதைப் பற்றி முழுமையாகத் தெரியாது என்றேன். அன்று காலை அந்த இயந்திரத்தின் அருகே நின்றவன் நான். சோதனை நடக்கவில்லை என்பது உங்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

நீங்கள் பதில் பேசவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தீர்கள். நாற்காலியைச் சத்தமில்லாமல் மேசைக்குள் தள்ளிவிட்டுப் போனீர்கள். அந்த நாற்காலியை நான் இன்றும் மறக்கவில்லை.

இயேசுவைத் தெரியாது என்று மறுதலித்த சீஷர் பேதுருவின் கதை எத்தனை பிரசங்கங்களில் கேட்டது! அவரை மறுதலிக்க வைத்தவர் அதிபதியோ போர்ச்சேவகரோ அல்லர். முதலில் கேட்டவள் ஒரு வேலைக்காரப் பெண். நீயும் அவரோடு இருந்தவன்தானே என்ற ஒரு கேள்விக்கே அவர் கவிழ்ந்தார். யோவான் எழுதிய சுவிசேஷத்தில் 18ஆம் அதிகாரத்தில் அது நடந்த பிரதான ஆசாரியனின் முற்றத்தில் கரிநெருப்பு எரிகிறது. 21ஆம் அதிகாரத்தில், உயிர்த்த ஆண்டவர் கடற்கரையில் மறுபடியும் கரிநெருப்பு மூட்டி வைத்திருக்கிறார். கரிநெருப்புக்கான அந்தக் கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் இவ்விரண்டு இடங்களில் மட்டுமே வருகிறது. அந்த இரண்டாம் நெருப்பருகே நீ என்னை நேசிக்கிறாயா என்று பேதுருவிடம் மும்முறை கேட்கப்பட்டபோது, கரையேறிய சீஷர்கள் அவரையும் சேர்த்து 7 பேர். பலர் முன்னிலையில் முறிந்தது பலர் முன்னிலையில்தான் சரிசெய்யப்பட்டது. நான் இதை இங்கே எழுதுவதற்கு வேறு நியாயம் என்னிடம் இல்லை.

ஆனால் அக்கா, ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கடிதமும் பொய்யாகிவிடும். என்னைக் கேட்காமல் என்னைச் சாட்சிக்கு இழுக்க உங்களுக்கு என்ன உரிமை இருந்தது? முந்திய நாளே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் ஆயத்தமாக இருந்திருப்பேனே. என் மனைவிக்கு அப்போது 8ஆம் மாதம் என்பது உங்களுக்குத் தெரியும். அவளுக்காக ஜெபித்தவர் நீங்கள்தான். உங்கள் விசுவாசத்தின் விலையை நீங்கள் கணக்கிட்டுக்கொண்டீர்கள். என்னுடையதையும் நீங்களே கணக்கிட்டுவிட்டீர்கள். பல இரவுகளில் உங்கள்மேல் எனக்குக் கோபமே மிஞ்சியது. நீங்கள் வேலையை இழந்தபோது வருந்தியதைவிட, திங்கட்கிழமை அந்த நாற்காலி காலியாக இருந்ததில் நிம்மதி அடைந்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் உங்களுக்காக ஜெபிக்கச் சொன்னார்கள். ஜெபத்தை ஏறெடுத்தவன் நான். ஆண்டவரே, சகோதரிக்கு வேறொரு வாசலைத் திறந்தருளும் என்று உருக்கமாக வேண்டினேன்; எந்த வாசல் எதனால் அடைக்கப்பட்டது என்பதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. சபையார் "ஆமென்" என்றார்கள். சபையைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை (சொல்ல வேண்டியது இல்லாமலில்லை, இது அதற்கான இடமன்று). அந்த இயந்திரத்தில் கை நசுங்கிக் காயத்தோடு கிடந்த ஒப்பந்தத் தொழிலாளியின் பெயரை அந்த ஜெபத்தில் சேர்க்க எனக்குத் துணிவில்லை என்பதே காரியம். நீங்களோ அந்த வாரமே அவருடைய வீட்டுக்குப் போயிருந்தீர்கள். அதை நான் இரண்டு ஆண்டுகள் கழித்து அவர் வாயால் கேட்டேன். சபையில் நீங்கள் அதை ஒருநாளும் சாட்சியாகச் சொன்னதில்லை.

அதற்கு அடுத்த மாதம் வாலிபர் கூட்டத்தில் நான் ஜெர்மன் போதகர் டீட்ரிக் பான்ஹோஃபரைப் பற்றி அரை மணி நேரம் பேசியது நினைவிருக்கிறதா? கடைசி வரிசையில் அமர்ந்திருந்தீர்கள். 1939இல் அமெரிக்காவில் பாதுகாப்பாக இருந்துவிட வாய்ப்பிருந்தும், சில வாரங்களிலேயே ஹிட்லரின் ஜெர்மனிக்குத் திரும்பியவர். 1943இல் கைதாகி, போர் முடிய ஒரு மாதமே இருந்தபோது, 1945 ஏப்ரல் 9 அன்று தூக்கிலிடப்பட்டவர். இதையெல்லாம் குரல் நடுங்காமல் சொன்னேன். தூரத்துத் தைரியத்தைப் புகழ்வதற்குக் குரல் நடுங்க வேண்டியதில்லை. கூட்டம் முடிந்ததும் நீங்கள் என்னிடம் வந்து, "நன்றாகப் பேசினீர்கள், தம்பி" என்றீர்கள். அதில் குத்தல் இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. குத்தல் இல்லையென்றால் அது இன்னும் தாங்க முடியாததாக இருக்கிறது.

இவ்வளவு காலமும், அதே யோவான் சுவிசேஷத்தில் வரும் யூத அதிகாரியான நிக்கொதேமுவிடம் ஒளிந்துகொண்டிருந்தேன். இரவில் வந்தவரைக்கூட ஆண்டவர் தள்ளவில்லையே என்பது என் ஆறுதல். ஆனால் அவர் இரவிலேயே நின்றுவிடவில்லை. 7ஆம் அதிகாரத்தில், விசாரிக்காமல் ஒருவரைத் தீர்ப்பது நியாயமா என்று ஆலோசனைச் சங்கத்தில் கேட்டு ஏளனத்தை வாங்கிக்கொள்கிறார். 19ஆம் அதிகாரத்தில், சீஷர்கள் பெரும்பாலும் சிதறிவிட்ட வேளையில், நூறு இராத்தல் அளவு கந்தவர்க்கத்தோடு ஆண்டவரின் உடலை அடக்கம் செய்ய வருகிறார். கவனித்தால், அவர் வாய்திறந்த இடம் அவர் தொழில் பார்த்த இடம். தம் சக உறுப்பினர்கள் நடுவில், தம் பதவி போகக்கூடிய இடத்தில். எனக்கு வசதியான மூன்றாம் அதிகாரத்தை மட்டுமே நான் படித்துக்கொண்டிருந்தேன்.

சாட்சி என்ற சொல்லைப் பற்றியும் அடிக்கடி யோசிக்கிறேன். சபையில் சாட்சி சொல்ல வாருங்கள் என்றால், சுகம் கிடைத்ததையும் வேலை உயர்வு வந்ததையும் சொல்ல முன்வருகிறோம். நான் எத்தனையோ முறை வந்திருக்கிறேன். விசாரணை அறையிலும் அதே சொல்தான். இரத்தசாட்சி என்பதிலும் அதே சொல்தான். பதவி உயர்வு கிடைத்ததற்காக நான் சபையில் சாட்சி சொன்ன ஞாயிறு, அந்தப் பதவி யாருடையதாக இருந்தது என்பதை அறிந்தவர் நீங்கள் ஒருவர் மட்டுமே. நீங்கள் எல்லாருடனும் சேர்ந்து கைதட்டினீர்கள்.

காயப்பட்டவரின் வழக்கு மறுபடியும் எடுக்கப்பட்டிருக்கிறது என்பதை நீங்கள் அறிவீர்கள். சென்ற வாரம் நானாகவே போய் எழுத்துமூலம் வாக்குமூலம் கொடுத்தேன். இப்போது கொடுப்பதால் எனக்கு இழப்பு குறைவு, வேறிடத்தில் வேலை பார்க்கிறேன், பிள்ளையும் பள்ளிக்குப் போகிறாள் என்று நீங்கள் நினைத்தால் அது உண்மை. சோதனை நடக்கவில்லை என்பதோடு, நீங்கள் என்னைச் சுட்டிக் கேட்கச் சொன்னதையும் நான் தெரியாது என்றதையும் எழுதியிருக்கிறேன். வழக்குக்கு அது தேவையில்லை, எடுத்துவிடலாம் என்று பதிவு செய்த அலுவலர் சொன்னார். இருக்கட்டும் என்றேன்.

நகல் ஒன்றை உங்கள் முகவரிக்கு அனுப்பியிருக்கிறேன். இரண்டாம் பக்கத்தில் கூட்டம் மாலை 4.30க்குத் தொடங்கியதாக எழுதியிருக்கிறேன். எனக்கு அதில் உறுதியில்லை. உங்கள் நினைவில் வேறு நேரம் இருந்தால் சொல்லுங்கள். திருத்தி மறுபடியும் கையெழுத்திட வரும் வியாழக்கிழமை வரை அவகாசம் இருக்கிறது.

தம்பி