தூள் விஷயம்

பேர்கன், நோர்வே
நவம்பர் 14

அன்பின் அம்மாவுக்கு,

உங்கட கடிதமும் கறித்தூள் பார்சலும் வந்து மூண்டு மாதம். கோவிக்காதேங்கோ. தூளைப் பற்றி என்னெண்டு எழுதிறதெண்டு தெரியாமத்தான் இழுத்தடிச்சனான்.

சின்னவனுக்குக் கச்சான் கடலை ஒத்துக்கொள்ளாதெண்டு உங்களுக்குத் தெரியும். இவ்வளவு நாளும் உறைப்பில்லாமல் அவனுக்கு வேறையாத்தான் சமைச்சனான். பார்சல் வந்த கிழமை ஆசையில உங்கட தூள் போட்டுக் கோழிக்கறி வைச்சுக் குடுத்தன். ரண்டு வாய்தான். உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடிச்சு, மூச்சு இழுக்கத் தொடங்கீட்டுது. இவர் ஊசியைத் தொடையில குத்திப்போட்டு அம்புலன்சுக்கு அடிச்சார். இப்ப நல்ல சுகம்.

தூளுக்குள்ள கச்சான் எங்க எண்டு டொக்டரோட நான் வாதாடினன். வெந்தயமாம், அம்மா! கச்சான், வெந்தயம், பயறு எல்லாம் ஒரே குடும்பமாம். புரதம் ஒண்டைப்போல ஒண்டு இருக்கிறதால உடம்பு ஆள் மாறி அடிக்குதாம். இங்க 14 ஒவ்வாமைச் சாமானைக் கடைச் சாப்பாட்டுப் பெட்டியில கட்டாயம் எடுத்துக்காட்டி எழுதவேணும். கச்சான், சோயா, லூப்பின் எல்லாம் அதில இருக்கு, வெந்தயம் இல்லை. லூப்பின் எண்டது, கோடையில றோட்டோரம் ஊதாவாய்ப் பூக்கும், படம் அனுப்பினனான், அந்த இனம். அதின்ர விதையை மாவாக்கிப் பாணுக்கும் போடுவினம். கச்சான் ஒத்துக்கொள்ளாத ஆக்களில சிலருக்கு அதுவும் ஆகாது. மேல்வீட்டுக் கிழவி இப்ப என்ர கடைப்பையை மறிச்சு, பூதக்கண்ணாடி வைச்சு வாசிச்சுப்போட்டுத்தான் விடுறா. நாலு வருசமாய் ஒரு வணக்கம் சொல்லாத மனிசி!

பயத்தில பருப்பையும் நிப்பாட்டினன். தோல் சோதினையில அதுக்கும் தடிச்சது. ஆனா ஆசுப்பத்திரியில வைச்சுக் கொஞ்சம் கொஞ்சமாய்த் தின்னக் குடுத்துப் பாத்தவை, ஒண்டும் செய்யேல்ல. சோதினையில காட்டிறதெல்லாம் வயித்துக்க போய்ச் செய்யாதாம். பருப்புக்கறி தப்பீட்டுது.

அதனால இனித் தூள் அனுப்பவேண்டாம். வெந்தயம் போடாமல் இடிப்பியள்தான், ஆனா மில்லில முந்தி அரைச்சவையின்ரயும் கலந்துவிடும்.

வந்த தூளை எறியேல்ல. இறுக்கிச் சுத்திக் கீழ் ஸ்டோர் அறையில வைச்சிருக்கிறன். பின்னேர வேலைக்குப் போகேக்க ஒருக்காத் திறந்து மணந்திட்டுப் போவன். கிணத்தடியில நீங்கள் மல்லி வறுக்கிற மணம். அங்கயே கொஞ்ச நேரம் இருந்திடுவன். பின்னேர வேலை காசுக்கில்லை, 4 மணிக்கே இருட்டிப்போகும், பொழுது போகத்தான்.

அப்பாவின்ர கண் ஒப்பரேசன் காசு ரண்டு தரமாய் வரும், பாங்கில ஏதோ சிக்கல். திகதியைத் தள்ளவேண்டாம். மேற்கு வேலிக் கதைக்கு அப்பாவைக் கூட்டிக்கொண்டு போகாதேங்கோ, வாய்விட்டிடுவார். தங்கச்சி போகட்டும். காணி உறுதியின்ர கொப்பி மட்டும் காட்டினாக் காணும், மூலத்தைக் கையில குடுக்காதேங்கோ.

உங்கட மூத்தவள்