தீவுக்குப் போயும் எல்லோருக்கும் அம்மாவாகிவிடாதே

அன்புள்ள அம்மு,

நீ அனுப்பிய பயணத் திட்டம் வந்தது. பொறுமையாகப் படித்தேன். விடிகாலையில் சூரிய உதயம், எட்டு மணிக்குப் படகு, பதினோரு மணிக்கு முகமூடியும் மூச்சுக்குழாயும் மாட்டி மிதந்தபடி மீன் பார்க்கும் ஸ்நார்க்கெலிங், மதியம் அருவி, சாயங்காலம் யோகா. கடைசிப் பக்கத்தில் யாருக்கு எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாது, யாருக்குப் படகில் குமட்டும், யார் யாருடன் அறை என்றெல்லாம் குறித்திருக்கிறாய். யாரும் கேட்காமலே நீயாக உட்கார்ந்து எழுதியிருப்பாய் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இந்தக் கடிதம்.

பெண்கள் மட்டும் சேர்ந்து போகும் பயணத்தில் பெரிய சுகமே, நம் கையை எதிர்பார்த்து அங்கே யாரும் இல்லை என்பதுதான். ஆனால் பழக்கம் அவ்வளவு சீக்கிரம் விடுவதில்லை. பத்துப் பெண்கள் சேர்ந்தால் ஒருத்தி தானாகவே அந்த வேலைகளை இழுத்துப் போட்டுக்கொள்வாள். நான் போன குழுவிலும் ஒருவர் இருந்தார். எல்லோருடைய தண்ணீர் பாட்டிலையும் அவர்தான் நிரப்புவார். காலையில் கதவைத் தட்டி எழுப்புவார். ஈரத் துணியை எடுத்து உலர்த்துவார். எல்லோருக்கும் அவர்மேல் கொள்ளைப் பிரியம். ஊர் திரும்பும் நாள் காலையில்தான் அவர் முதல்முறையாகக் கடலில் கால் நனைத்தார். பார்த்துக்கொண்டிருந்த எனக்கு மனசு ஆறவேயில்லை. நீ அவரைப் போலத்தான், அம்மு. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

ஆகவே போவதற்கு முன்பே வேலையைப் பிரித்துக் கொடுத்துவிடு. பொதுப் பணம் ஒருத்தியிடம், படகுக்காரரிடம் பேசுவது இன்னொருத்தி, மாத்திரை அவரவர் பையில். ஒரு நாளைக்கு ஒரு காரியம் போதும், அதுவும் காலையிலேயே. பெரும்பாலான தீவுகளில் பகல் ஏற ஏறக் காற்று வலுத்து, தண்ணீர் கலங்கும். மதியத்துக்கு மேல் ஒன்றுமே வைக்காதே. "நான் வரவில்லை, தூங்கப் போகிறேன்" என்று ஒருத்தி சொன்னால் ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. இந்த ஒரு விதியை மட்டும் முதல் நாளே எல்லோரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

உனக்கு நீச்சல் தெரியாது என்பதற்காகக் கரையிலேயே உட்கார்ந்துவிடாதே. இடுப்பளவு ஆழம், அலையில்லாத இடம், பக்கத்தில் நீச்சல் தெரிந்த ஒருத்தி, இது போதும். மல்லாந்து படு. தலையைப் பின்னால் சாய்த்து, காது இரண்டும் தண்ணீருக்குள் போகும்படி விடு. பயத்தில் தலையைத் தூக்கினால் இடுப்பு அமிழும், அங்கேதான் எல்லோரும் தடுமாறுவார்கள். மூச்சை நெஞ்சு நிறைய இழுத்து வயிற்றை மேலே தள்ளினால் உடம்பு தானாக மிதக்கும். உப்புத் தண்ணீர் குளத்துத் தண்ணீரைவிடக் கனமானது, அதுவே தாங்கிக்கொள்ளும். அப்போது கரையில் பேசுகிற பேச்செல்லாம் அடங்கி, உன் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். இந்த வயதில் எனக்கு அப்படி ஒரு நிம்மதி கிடைக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

அப்புறம் ஸ்நார்க்கெலிங். முகமூடிக்குள் தண்ணீர் வந்துகொண்டே இருந்தால் பெரும்பாலும் நம் முடிதான் காரணம். நெற்றியில் விழும் முடியை ஒன்று விடாமல் ஒதுக்கிவிட்டு மாட்டு. பவளப்பாறை மேல் கால் ஊன்றாதே, கையால் தொடாதே. பார்க்கக் கல் மாதிரி இருந்தாலும் அது உயிருள்ளது. கிளிமூக்கு போன்ற வாயோடு கிளிமீன்கள் பாறையைக் கொறிப்பது தண்ணீருக்குள் 'கரக் கரக்' என்று நன்றாகவே கேட்கும். செத்த பவளத்தைப் பாசியோடு அரைத்து விழுங்கி மணலாக வெளியேற்றுகிற மீன் அது. பெரிய மீன் ஒன்று வருடத்துக்கு 450 கிலோ வரைகூட மணல் போடுமாம். பவளத் தீவுகளின் வெள்ளை மணலில் நல்ல பங்கு இவற்றின் வயிற்றிலிருந்து வந்தது. எனக்கு இது தெரிந்தபோது கரையில் ஒரு பிடி மணலை அள்ளி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

குப்புற மிதந்தபடி மீன் பார்க்கும்போது வெயில் உறைக்காது. ராத்திரிதான் முதுகும் கெண்டைக்காலும் எரியும். முழுக்கை நீச்சல் சட்டை போட்டுக்கொள். சன்ஸ்கிரீன் SPF எண் 30-க்குக் குறையாமல் வாங்கி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும் தண்ணீரிலிருந்து ஏறிய பிறகும் தடவு. ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட் என்ற ரசாயனங்கள் கலந்ததை வாங்காதே. பவளத்துக்குக் கெடுதல் என்று அமெரிக்காவின் ஹவாய்த் தீவுகளில் 2021 முதல் அவற்றை விற்பதற்கே தடை. துத்தநாக ஆக்சைடு உள்ளதைப் பார்த்து வாங்கு. முகம் வெள்ளையாகத் தெரிந்தால் தெரிந்துவிட்டுப் போகட்டும், அங்கே யார் பார்க்கப் போகிறார்கள்?

கடலில் ஒன்று மட்டும் மறக்காதே. இரண்டு பக்கமும் அலை உடையும்போது நடுவில் ஓர் இடம் மட்டும் அமைதியாகத் தெரிந்தால், அங்கே இறங்காதே. தண்ணீர் உள்ளே இழுக்கும் வழி பெரும்பாலும் அதுதான். இழுத்துவிட்டால் கரையை நோக்கிப் போராடாமல் மிதந்தபடி கையைத் தூக்கிக் கூப்பிடு. நீந்தத் தெரிந்தவர்கள் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி விலக வேண்டும். எல்லோருக்கும் சொல்லி வை.

மாதவிலக்குத் தேதியைத் தள்ளிப்போட மாத்திரை போடலாமா என்று கேட்டிருந்தாய். டாக்டரைப் பார்க்காமல் போடாதே. உனக்கு ஒற்றைத் தலைவலி உண்டு, விமானத்தில் நெடுநேரம் உட்காரவும் வேண்டும். இரண்டையும் அவரிடம் சொல். தேதி வந்தாலும் கடலில் இறங்கத் தடையில்லை. பேட் தண்ணீரை உறிஞ்சி ஊறிவிடும், உள்ளே வைத்துக்கொள்ளும் கப் அல்லது டேம்பன் சரியாக இருக்கும். இதையெல்லாம் ஒளிக்காமல் பேச முடிகிற கூட்டத்தோடு போகிறாய், அதுவே பாதி நிம்மதி.

ராத்திரிப் பேச்சு தானாக வரும். வெப்பமண்டலத்தில் சூரியன் செங்குத்தாக இறங்குவதால் மறைந்து அரைமணி நேரம்கூட ஆகாமல் இருட்டிவிடும். விளக்கைக் குறைத்துவிட்டு உட்கார்ந்தால் யாராவது ஒருத்தி மனசைத் திறப்பாள். உடனே ஆலோசனை சொல்ல ஆரம்பிக்காதே, கேட்டுக்கொண்டிரு. அங்கே கேட்டது அங்கேயே இருக்கட்டும். நீச்சல் உடையில் எடுத்த படங்களும் அப்படித்தான், அவரவரைக் கேட்காமல் எங்கேயும் போட வேண்டாம்.

உங்களில் இருவர் காற்று சிலிண்டர் மாட்டிக் கடலுக்கு அடியில் போகும் ஸ்கூபா டைவிங் போவதாகச் சொன்னாய். அப்படிப் பல தடவை அடியில் போய்வந்தால் அதற்கப்புறம் குறைந்தது 18 மணி நேரம் விமானம் ஏறக் கூடாது. கடைசி நாளைக் காலியாக வைத்துவிடு.

நீ கிளம்புவதற்கு முந்தின நாளே நான் உன் வீட்டுக்கு வந்துவிடுவேன். மாப்பிள்ளை அலுவலகம் போய்வரட்டும், பிள்ளைகளை நான் பார்த்துக்கொள்கிறேன். சாப்பிட்டார்களா, படித்தார்களா என்று தினமும் ராத்திரி ஒரு வரி அனுப்புவேன். அதற்கு நீ பதில் போட வேண்டியதில்லை.

அன்புடன்,
அம்மா