இலை பார்க்க எங்கள் வீதிக்கு வரும் உறவுகளுக்கு

அன்பான உறவுகளே, வணக்கம்.

ஒக்டோபர் பிறந்து மேப்பிள் இலைகள் சிவந்தால் ஸ்காபரோ, மார்க்கம் பக்கமிருந்து எங்கள் கிராமத்துக்கு எத்தனை கார்கள் வருகின்றன என்று உங்களுக்கே தெரியும். வாருங்கள். நானும் கனடா வந்த முதல் வருஷம் இப்படித்தான் வந்து, மேப்பிள் மரங்களைக் கண்டு பேச்சு வராமல் நின்றேன். அந்தச் சிவப்புக்காகவே பிறகு இங்கே வீடு வாங்கினேன். ஆனால் ஒன்று கேட்கிறேன்: வீதியோரத்தில் காரை நிறுத்தாதீர்கள்.

போன ஒக்டோபர் தாங்ஸ்கிவிங் (நன்றி நாள்) விடுமுறைச் சனிக்கிழமை, பக்கத்துக் காணிக்காரர் சோயா வெட்டிக்கொண்டிருந்தார். காலைப் பனி காயும்வரை வயலில் இறங்க முடியாது. பின்னேரம் மழை என்று சொல்லியிருந்தார்கள். இடையில் கிடைப்பது சில மணித்தியாலங்கள்தான். அவர் அறுவடை இயந்திரத்தை எடுத்துக்கொண்டு மற்றக் காணிக்குப் புறப்பட்டால், கிரவல் வீதியின் இரண்டு பக்கமும் கார்கள். வீதியை முழுக்க அடைத்துக்கொண்டு போகிற இயந்திரம் அது. ஐம்பது நிமிஷம் நின்றார். ஹோர்ன் அடித்துப் பார்த்தார். பிறகு இறங்கி வந்து என் கதவைத் தட்டினார். தொப்பியைக் கையில் பிடித்தபடி, "அவர்கள் உங்கள் மொழிதான் பேசுகிறார்கள். ஒருக்கால் வந்து சொல்வீர்களா?" என்று மெல்லக் கேட்டார். அவர் ஏசியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

போய்ச் சொன்னேன். "ரெண்டே நிமிஷம் அண்ணை, பிள்ளைக்கு ஒரு படம்" என்றார் ஒரு தம்பி. பிள்ளை அந்தக் காணிக்காரரின் முற்றத்தில், அவர் கூட்டி வைத்திருந்த இலைக் குவியலுக்குள் இருந்தது. நாலு மணிக்கு மழை வந்துவிட்டது. பாதி வயல் வெட்டாமல் நின்றது.

இந்த மரங்கள் தானாக முளைத்தவை அல்ல. 1883இல் ஒன்ராறியோ அரசு, வீதியோரம் மரம் நடுவோருக்கு மரத்துக்கு 25 சதம் வரை கொடுக்கச் சட்டம் போட்டது. அந்தக் காலத்து விவசாயிகள் நட்டு வளர்த்த வரிசைகளைத்தான் நாம் இன்று படம் எடுக்கிறோம். சீனி மேப்பிளுக்கு இறுகிய மண் ஆகாது. வேருக்கு மேல் கார் ஏறி ஏறி நின்றால் உச்சிக் கொப்புகள் பட்டுப்போகத் தொடங்கும். எங்கள் வீதி வளைவில் இரண்டு மரங்களுக்கு அது தொடங்கிவிட்டது. அதனால்தான் திரும்பவும் கேட்கிறேன், வீதியோரத்தில் நிறுத்தாதீர்கள்.

இலை பார்க்க ஆட்கள் குவியும் ஹமில்டன் பக்கத்து மலைமுகடான டன்டாஸ் பீக்குக்கு முன்பதிவு இல்லாமல் போக முடியாத நிலை கூட்டத்தால்தான் வந்தது. ஆட்கள் குடியிருக்கும் ஒரு வீதிக்கு யார் பதிவு போடுவது? நாங்கள் கெஞ்சிக் கேட்ட பிறகு நகராட்சிக்காரர் 'இங்கே நிறுத்தாதீர்கள்' என்று இரண்டு பலகைகள் நட்டார்கள். ஆனால் அதை மீறுகிறார்களா என்று சனி, ஞாயிறில் வந்து கவனிக்க அவர்களில் ஒருவரும் இல்லை. அதற்குள் யாரோ ஒருவர் எங்கள் வளைவை வரைபடக் குறியோடு வீடியோவில் போட, அடுத்த கிழமை கார்கள் இரண்டு மடங்கு. ட்ரோன் சத்தத்தில் குதிரைகள் வேலியில் போய் முட்டுகின்றன. எங்கள் ஊர்களில் ஒருவர் வயலுக்குப் போகும் பாதையை மறித்து நின்று படம் எடுப்போமா?

சரி, கோபத்தில் கொஞ்சம் கூடப் பேசிவிட்டேன். மன்னியுங்கள். சமூக மண்டபத்துக்குப் பின்னால் உள்ள வாகனத் தரிப்பிடம் வார இறுதியில் வெறுமையாகத்தான் கிடக்கிறது. அங்கே நிறுத்திவிட்டுப் பத்து நிமிஷம் நடந்து வாருங்கள். நடக்க ஏலாத அம்மா அப்பாவை மரத்தடியில் இறக்கிவிட்டுப் போய் நிறுத்துங்கள். நீங்கள் வரும்வரை அவர்கள் இருக்க என் வாசலில் கதிரை போட்டு வைக்கிறேன், தேத்தண்ணியும் தருவேன். வீதியை மட்டும் விட்டுவிடுங்கள்.

அன்புடன்,
அந்தக் கிரவல் வீதியில் குடியிருக்கும் உங்கள் அண்ணன்