லாரியைக் கிளப்பும் பேட்டரி விடிய விடிய விளக்கெரிக்காது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பிதழின் வாகனப் பகுதியில் வந்த கேள்வி பதிலைப் படித்தேன். வேனிலேயே தங்கி ஊர் சுற்ற விரும்பும் வாசகர் ஒருவர், இரவில் விளக்கும் மின்விசிறியும் சிறிய ஃபிரிட்ஜும் ஓடுவதற்கு எந்த பேட்டரி வாங்கலாம் என்று கேட்டிருந்தார். "நல்ல கம்பெனி பேட்டரியாக, ஆம்பியர் அதிகமாகப் பார்த்து வாங்கினால் கவலை இல்லை" என்று ஒரே வரியில் பதில் சொல்லி முடித்துவிட்டீர்கள். அந்த வரியை நம்பிப் பணம் போடுகிறவர் படப்போகும் பாட்டை நாங்கள் ஏற்கெனவே பட்டுவிட்டோம்.

எங்களுடையது பாலக்கோடு பக்கத்தில் ஒரு தெருக்கூத்துக் குழு. பங்குனி பிறந்தால் ஆடி முடியும்வரை தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் பாரதக் கூத்து. ஆர்மோனியம், மிருதங்கம், கிரீடம், புஜக்கட்டை எல்லாம் வேனில்தான் இருக்கும். பகலில் நடிகர்கள் தூங்குவதும் அதிலேதான். எங்களுக்கு அது வீடு. கிராமத்து மின்சாரம் நள்ளிரவில் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. ஜெனரேட்டர் வைத்தால் அதன் இரைச்சலில் முகவீணை என்ற எங்கள் ஊதுகுழல் காதில் விழாது. அதனால் மைக்கும் விளக்கும் பேட்டரியில்தான் ஓட வேண்டும்.

இதையெல்லாம் கடையில் விளக்கமாகச் சொன்னோம். கடைக்காரர் ஒரு லாரி பேட்டரியைக் காட்டி, "லாரியையே கிளப்புகிறது, நாலு விளக்கை எரிக்காதா?" என்றார். ஒரு பருவம்கூட முழுதாகத் தாங்கவில்லை. கர்ண மோட்சம் நடந்த இரவு, கர்ணனிடம் அவன் மனைவி பொன்னுருவி புலம்பும் கட்டத்தில் விளக்குகள் மங்கின. சற்று நேரத்தில் மைக்கும் நின்றது. பொன்னுருவி வேடம் கட்டியவர் பாட்டை நிறுத்தவே இல்லை. பின்னால் உட்கார்ந்திருந்த பெண்கள் எழுந்து முன்னால் வந்து, செல்போன் வெளிச்சத்தைப் பிடித்தபடி மிச்சத்தைக் கேட்டார்கள். அன்று அவருக்குக் கட்டிய தொண்டை சரியாக வெகுநாள் ஆயிற்று.

பேட்டரியைத் திரும்பக் கொண்டுபோனோம். இன்ஜினை ஓடவிட்டு மீட்டரை வைத்தார்கள். 14 வோல்ட் காட்டியது. "பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது" என்று அனுப்பிவிட்டார்கள். ஐயா, இன்ஜின் ஓடும்போது மீட்டரில் தெரிவது, இன்ஜினோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் கொடுக்கும் அழுத்தம். சார்ஜ் ஏற்றாமலும் மின்சாரம் எடுக்காமலும் சில மணி நேரம் பேட்டரியைச் சும்மா விட்டுவிட்டுப் பார்க்க வேண்டும். அப்போது 12.6, 12.7 காட்டினால் நிறைந்திருக்கிறது; 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. மூடியைத் திறக்கிற பேட்டரி என்றால் உள்ளே இருக்கும் ஆறு செல்லிலும், ஆசிட்டின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டர் விட்டுப் பார்க்க வேண்டும். ஒரு செல் படுத்துவிட்டாலும் மற்ற ஐந்தும் அதோடு சேர்ந்து கெடும். இதை அந்தக் கடையில் யாரும் செய்யவில்லை. உத்தரவாத அட்டையைப் புரட்டிப் பார்த்தால், வேறு உபயோகத்துக்கு வைத்தால் உத்தரவாதம் செல்லாது என்று பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கிறது. என்ன உபயோகத்துக்கு என்று சொல்லித்தானே வாங்கினோம்?

இந்த வேறுபாட்டைத்தான் உங்கள் பதில் விழுங்கிவிட்டது. செல்ஃப் எடுப்பதற்கான பேட்டரியில் தகடுகள் மெல்லியவை, எண்ணிக்கையில் அதிகம். சில நொடிகள் பெரும் மின்சாரத்தைக் கொட்டும். அப்படிச் செலவாவதும் சிறு பங்குதான், வண்டி ஓடியதும் அது நிரம்பிவிடும். அதை இரவு முழுக்கக் காலி செய்தால் தகட்டிலிருக்கும் பொருள் உதிர்ந்து அடியில் தங்கிவிடும். மெதுவாக, ஆழமாக, நாள்தோறும் காலியாகி நிரம்புவதற்கென்றே தடித்த தகட்டோடு செய்கிற டீப் சைக்கிள் பேட்டரி வேறு. எருது விடும் விழாவில் ஓடுகிற காளையை ஏரில் பூட்டி, நாள் முழுக்க உழவில்லையே என்று யாராவது நொந்துகொள்வார்களா?

ஆம்பியர் அதிகமாக இருந்தால் போதும் என்பதும் சரியில்லை. 100 ஆம்பியர் மணி என்று போட்டிருந்தால், அது எத்தனை மணி நேரக் கணக்கு என்று கேட்க வேண்டும். 20 மணி நேரக் கணக்கு என்றால் தொடர்ந்து 5 ஆம்பியர் வீதம் எடுத்தால்தான் அந்த 100 கிடைக்கும். வேகமாக எடுத்தால் குறையும். எங்கள் விளக்குக்கும் மைக்குக்கும் சேர்த்து 120 வாட், அதாவது 12 வோல்ட்டில் 10 ஆம்பியர். எட்டு மணி நேரக் கூத்துக்கு 80 ஆம்பியர் மணி வேண்டும். இதுபோன்ற ஈயத் தகட்டு பேட்டரியைப் பாதிக்குமேல் காலி செய்யாமல் வைத்திருந்தால்தான் அது நீடித்து உழைக்கும் என்பதால், குறைந்தது 160 இருக்க வேண்டும். வீட்டு இன்வெர்ட்டருக்கு வைக்கும் உயரமான டியூபுலர் பேட்டரியை வேனில் ஏற்றச் சொல்கிறவர்களும் உண்டு. ஐம்பது கிலோவுக்கு மேல் எடை, தொப்பூர் கணவாயில் வண்டி குலுங்கினால் மூடி வழியாக ஆசிட் சிந்தும். அதன் பக்கத்தில்தானே ஆள் படுக்கிறோம்?

இன்னொன்றையும் யாரும் சொல்வதில்லை. பென்னாகரத்திலிருந்து பாப்பாரப்பட்டிக்குப் போகும் தூரத்தில் ஈய பேட்டரி நிரம்பாது. அதன் கடைசிப் பகுதி மிக மெதுவாகத்தான் ஏறும். அரைகுறையாக ஏற்றி ஏற்றி ஓட்டினால் தகட்டில் சல்பேட் படிந்து இறுகிவிடும். சித்திரை வெயில் வேறு. சூடு பத்து டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பார்கள். இன்ஜினுக்குப் பக்கத்தில் பேட்டரியை வைத்தால் சொல்லவே வேண்டாம்.

இப்போது வைத்திருப்பது 100 ஆம்பியர் மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி. விலை அதிகம், கடன் வாங்கித்தான் போட்டோம். ஆனால் ஒருவர் தனியாகத் தூக்கலாம், 80 வரை எடுத்தாலும் பாதகமில்லை, சீக்கிரமும் ஏறுகிறது. இதை ஆல்டர்னேட்டரோடு நேராக இணைக்கக் கூடாது, அளவில்லாமல் இழுத்து அதைச் சூடாக்கிவிடும். நடுவில், இழுக்கும் மின்சாரத்தை அளவோடு நிறுத்தும் டிசி டு டிசி சார்ஜர் வேண்டும். ஈய பேட்டரிபோல் விளக்கை மங்கவைத்து முன்கூட்டிச் சொல்லாது, உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சுற்று ஒரே வெட்டாக நிறுத்திவிடும். அதனால் மிச்சம் எவ்வளவு என்று காட்டும் மீட்டரும் தேவை. பழைய செல்லைப் பொறுக்கிப் புதுப் பெட்டியில் அடைத்து விற்பவர்கள் இருக்கிறார்கள். ரசீதும் தயாரிப்புத் தேதியும் இல்லாமல் வாங்கக் கூடாது.

ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் மின்சார ஸ்கூட்டர் செய்யும் கிருஷ்ணகிரி மாவட்டம் எங்களுக்குப் பக்கத்தில்தான். இங்கே ஒரு பேட்டரியை முறையாகச் சோதித்துச் சொல்ல ஆள் தேடி அலைந்தோம் என்பது எனக்கு ஆறாத வருத்தம். அதைவிடப் பெரிய வருத்தம் உங்கள் மேல். பொங்கல் வந்தால் எங்கள் கிரீடத்தைப் படம் பிடித்து, அழிந்துவரும் கலை என்று தலைப்புப் போடுகிறீர்கள். கூத்து அழியவில்லை, வெளிச்சமும் ஒலியும் கிடைக்காமல் தவிக்கிறது என்று முன்பே எழுதினேன். திருவிழாக் காலத் தற்காலிக மின் இணைப்புக்கு நாங்கள் அலைவதையும் அதில் எழுதியிருந்தேன். அந்தக் கடிதத்தை இரண்டு வரியாக வெட்டிப் போட்டீர்கள். வெட்டப்பட்டதில்தான் விஷயம் இருந்தது. உங்கள் பதிலுக்குக் கீழேயே அரைப் பக்கம் பேட்டரி விளம்பரம் வந்திருக்கிறது. அதனால்தான் அப்படி எழுதினீர்கள் என்று சொல்ல மாட்டேன். நாற்பது வருடமாக எங்கள் வீட்டில் உங்கள் பத்திரிகைதான் வாங்குகிறோம். இதெல்லாம் உங்களுக்குத் தெரியாதது இல்லை என்பதால்தான் மனம் கேட்கவில்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. அடுத்த ஞாயிறு அதே பகுதியில், அந்த வாசகருக்கு ஒரு திருத்தம் போடுங்கள். டீப் சைக்கிள் பேட்டரிதானா, எத்தனை மணி நேரக் கணக்கில் ஆம்பியர், எந்த மாதம் தயாரித்தது, முழுதாக மாற்றித் தரும் காலம் எத்தனை மாதம், அதற்குப் பிறகு தள்ளுபடி விலையில் தருவது எத்தனை மாதம், இந்த உபயோகத்துக்கு உத்தரவாதம் உண்டு என்று ரசீதிலேயே எழுதித் தருவார்களா என்று கேட்டு வாங்கச் சொல்லுங்கள். ஏமாற்றினால் அழைக்க 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணையும் சேர்த்துப் போடுங்கள். அவர் இன்னும் வாங்கியிருக்க மாட்டார் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
தெருக்கூத்துக் குழு ஒன்றின் வண்டிப் பொறுப்பாளர்,
பாலக்கோடு வட்டம், தர்மபுரி மாவட்டம்.